இருநூறு மணி நேரச் சான்றிதழ் வந்த வழி

சென்னையிலோ கோவையிலோ மாடிப்படி ஏறிப் போகும் ஏதாவதொரு யோகா வகுப்புக்குள் நுழைந்து சுவரைப் பாருங்கள். பதஞ்சலி படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு காகிதம் தொங்கும். கெட்டித் தாள், ஓரத்தில் பொன்னிறக் கரை, நடுவில் ஆசிரியரின் பெயர், கீழே இரண்டு கையெழுத்து, ஒரு முத்திரை. இன்னார் 200 மணி நேர யோகா ஆசிரியர் பயிற்சியை முடித்திருக்கிறார் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். வகுப்பில் சேர வருகிறவர்கள் அதைப் படிப்பதில்லை, இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். "மாஸ்டர் சர்ட்டிஃபைடுதானே?" என்ற கேள்விக்கு அந்தச் சட்டமே பதில்.

இந்தக் காகிதத்தின் முன்னோர் நம் பக்கத்து ஆட்கள். மைசூர் அரண்மனையும் திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடையும் அதன் பூர்விகத்தில் வருகின்றன. ஆனால் 200 என்ற எண்ணோடு அது பிறந்தது 1999-ல், அமெரிக்காவில். அங்கிருந்து திரும்பி வந்து ரிஷிகேஷில் குடியேறி, இப்போது நம் தெருமுனை வரை வந்துவிட்டது. யோகா ஆசிரியராக வேண்டும் என்று ஆசைப்படும் இளைஞர்கள் கடன் வாங்கியாவது அதைப் பெறப் பார்க்கிறார்கள். வரும் வழியில் அந்தக் காகிதம் எதைச் சேர்த்துக்கொண்டது, எதைத் தவறவிட்டது என்று அவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

மைசூரிலிருந்து தொடங்கலாம். 1933-ல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை திறந்து, அதைத் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரிடம் ஒப்படைத்தார். சித்ரதுர்கா பக்கம் முசுகுந்தபுரத்தில் 1888-ல் பிறந்த வைணவர் அவர்; சாஸ்திரங்களை ஆழக் கற்றவர், கண்டிப்புக்குப் பேர் போனவர். அரச குடும்பத்துப் பையன்கள்தான் முக்கிய மாணவர்கள். அவர்களோடு சேர்ந்தவர் குருவின் மைத்துனர் பி.கே.எஸ். ஐயங்கார். 1934-ல் மைசூர் வந்தபோது அவருக்குப் பதினைந்து வயது. மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று வரிசையாகத் தாக்கி உருக்குலைத்த உடம்பு.

அந்த ஐயங்கார் ஆசிரியரான விதம் கவனிக்கத் தக்கது. 1936-ல் குரு தன் மாணவர்களை அழைத்துக்கொண்டு வடகர்நாடகத்தில் சுற்றுப்பயணம் போனார். தார்வாடில் பெண்கள் சிலர் ஆசனம் கற்க விரும்பினார்கள். வளர்ந்த ஆண்களை அனுப்பத் தயங்கி, இருப்பதிலேயே சிறியவரான ஐயங்காரை அனுப்பினார்கள். மறு ஆண்டு புனேயிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு யோகா ஆசிரியர் வேண்டும் என்று கேட்டு வந்தது. கொஞ்சம் ஆங்கிலம் தெரியும் என்பதால் மறுபடியும் இவரையே அனுப்பினார் குரு. பதினெட்டு வயது, மராத்தி தெரியாது, டெக்கான் ஜிம்கானாவில் எதிரே நின்றவர்களோ இவரைவிட வயதிலும் வலுவிலும் மூத்தவர்கள். குருவிடம் கற்றது போதவில்லை என்பது அவருக்கே தெரிந்தது. தினமும் மணிக்கணக்கில் தன் உடம்பிலேயே ஒவ்வோர் ஆசனத்தையும் செய்து பார்த்து, எங்கே இழுக்கிறது, எங்கே நோகிறது, பாதத்தை எந்தப் பக்கம் திருப்பினால் இடுப்பு நேராகிறது என்று கண்டுபிடித்துக்கொண்டு அடுத்த நாள் வகுப்புக்குப் போனார். ஆறு மாதத்துக்கு என்று போனவர் புனேயிலேயே வாழ்ந்து மறைந்தார்.

அங்கே ஆசிரியராவதற்கு மணிக்கணக்கு எதுவும் இல்லை. 'போய்ச் சொல்லிக்கொடு' என்று குரு சொன்னால் போக வேண்டும். அந்தச் சொல்தான் தகுதி. ரீகாவில் பிறந்த இந்திரா தேவி 1937 வாக்கில் மைசூர் வந்து சேரக் கேட்டபோது கிருஷ்ணமாச்சாரியார் மறுத்துவிட்டார். மகாராஜா எடுத்துச் சொன்ன பிறகே சேர்த்துக்கொண்டார். கணவருக்குச் சீனாவுக்கு மாற்றல் வந்ததும், அங்கே போய்க் கற்றுக்கொடுக்கும்படி சொன்னவரும் அதே குருதான். ஷாங்காயில் வகுப்பு நடத்திய அந்த அம்மையார் பின்னர் ஹாலிவுட்டில் யோகா நிலையம் திறந்தார்.

பழைய குருகுல முறையை ஏங்கிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டாவது கதையையும் நினைவில் வைக்க வேண்டும். மகாராஜாவின் சிபாரிசு இல்லையென்றால் இந்திரா தேவி வாசலோடு திரும்பியிருப்பார். சிபாரிசு இல்லாத எத்தனையோ பேர் திரும்பியும் போயிருப்பார்கள். சாதி, பால், பணம், குருவின் அன்றைய மனநிலை எல்லாம் அந்த வாசலில் காவல் நின்றன. சான்றிதழ் என்ற ஒன்று வந்ததனால் அந்தக் காவல் தளர்ந்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே அந்தக் காகிதத்தை நான் மதிக்கிறேன்.

மைசூருக்கு முன்பே பம்பாயில் ஸ்ரீ யோகேந்திரர் 1918-லும், லோனாவாலாவில் சுவாமி குவலயானந்தர் 1924-லும் யோகத்தைக் கரும்பலகைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் கொண்டுவந்திருந்தார்கள். யோகத்தைப் பள்ளிப் பாடம்போல் ஒழுங்குபடுத்திச் சொல்லித்தர முடியும் என்ற துணிச்சல் அவர்களிடமிருந்து வந்தது.

தபாலில் அனுப்பலாம் என்ற துணிச்சல் பத்தமடைக்காரர் ஒருவரிடமிருந்து வந்தது. கோரைப் பாய்க்குப் பெயர் பெற்ற அந்த ஊரில் 1887-ல் பிறந்த குப்புசாமி, தஞ்சாவூரில் மருத்துவம் படித்து, மலேயா ரப்பர் தோட்டங்களில் பத்தாண்டு டாக்டராக வேலை பார்த்து, 1924-ல் ரிஷிகேஷ் போய்ச் சுவாமி சிவானந்தரானார். மருத்துவராக இருந்தபோதே பத்திரிகை நடத்தியவர். துறவியான பின்னும் அச்சகத்தையும் அஞ்சலகத்தையும் விடவில்லை. 1936-ல் தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கி, கேட்டவருக்கெல்லாம் கடிதத்திலேயே பாடம் சொன்னார். பட்டங்களையும் தாராளமாகக் கொடுத்தார். ஜெர்மனியில் யோகப் பள்ளி நடத்திய போரிஸ் சகாரோவ் சிவானந்தரை நேரில் பார்த்ததே கிடையாது. கடிதத் தொடர்பிலேயே கற்று, அவரிடமிருந்து 'யோகிராஜ்' பட்டம் பெற்றார். குருவைக் காணாமலே குருவின் முத்திரை போட்ட தாள் கடல் கடந்து ஒருவர் கைக்குப் போனது. நம் கதாநாயகனான காகிதத்தின் நேரடித் தாத்தா என்று அந்தத் தாளைத்தான் சொல்ல வேண்டும்.

சிவானந்தரின் தாராளத்தை அன்றே சிலர் குறை சொன்னார்கள். ஒருவருக்குப் பட்டம் கொடுத்தால் அந்தப் பட்டத்துக்குத் தகுந்தவராக அவர் வளர்வார் என்பது அவருடைய நம்பிக்கை. அது எல்லோர் விஷயத்திலும் பலித்திருக்காது. ஆனால் 1948-ல் அவர் ரிஷிகேஷில் தொடங்கிய யோக வேதாந்தப் பயிற்சிக் கழகத்திலிருந்து கிளம்பியவர்கள் உலகம் முழுக்க வகுப்பு நடத்தினார்கள். பீகாரின் முங்கேரில் பள்ளி தொடங்கிய சத்யானந்தர் அவருடைய சீடர். கோவை செட்டிபாளையத்தில் பிறந்து, இலங்கையில் கண்டியிலும் திருகோணமலையிலும் தொண்டு செய்து, 1966-ல் நியூயார்க் போய், 1969-ல் உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசிய சச்சிதானந்தரும் அவருடைய சீடர்தான்.

காகிதத்தின் வடிவத்தை முடிவு செய்தவர் இன்னொரு சீடர், கேரளத்துக்காரரான விஷ்ணுதேவானந்தர். ரிஷிகேஷில் ஹடயோகப் பேராசிரியராக இருந்த அவரை 1957-ல் மேற்கே அனுப்பினார் சிவானந்தர். கனடாவில் கியூபெக் மாநிலத்து வால்மோரினில் ஆசிரமம் அமைத்தார். நாடுகளுக்கு இடையே எல்லையே வேண்டாம் என்று நம்பிய மனிதர். 1971-ல் சிறிய விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு, கலவரம் நடந்துகொண்டிருந்த பெல்ஃபாஸ்ட்டுக்குப் போய் அமைதி கேட்டவர். ஆசிரியர் பயிற்சியை 1969-ல் அவர் தொடங்கியதும் அதே நோக்கத்தில்தான். மனத்தை அடக்கத் தெரிந்த சில ஆயிரம் பேரை உருவாக்கினால் உலகம் சண்டையிலிருந்து தப்பும் என்று நினைத்தார்.

அந்தப் பயிற்சியின் காலம் நான்கு வாரம். ஆசிரமத்திலேயே தங்க வேண்டும். விடியற்காலை ஐந்தரைக்கு மணி அடிக்கும். ஆறு மணிக்குத் தியானம், பஜனை. எட்டு மணிக்கு ஆசன வகுப்பு. பத்து மணிக்குத்தான் முதல் சாப்பாடு. நண்பகலில் கீதை வகுப்பு, பிற்பகலில் சொற்பொழிவு, நான்கு மணிக்கு மறுபடியும் ஆசனம், ஆறு மணிக்கு இரவுச் சாப்பாடு, எட்டு மணிக்கு மறுபடியும் தியானம். இடையில் பாத்திரம் கழுவுவது, கழிவறை சுத்தம் செய்வது என்று சேவை. எல்லோருக்கும் மஞ்சள் சட்டை, வெள்ளைக் கால்சட்டை. கடைசியில் எழுத்துத் தேர்வு, சான்றிதழ். இதே கால அட்டவணையை இன்று மதுரைக்கு அருகே உள்ள சிவானந்த மீனாட்சி ஆசிரமத்திலும் பார்க்கலாம். ஒரு மாதம் என்ற அளவு உலகத்துக்கு வந்தது விஷ்ணுதேவானந்தரின் இந்தப் பயிற்சியிலிருந்துதான். மேற்கத்திய வேலைக்காரர் ஒருவர் ஆண்டு விடுமுறையில் ஒதுக்கக்கூடிய அதிகபட்சம் அவ்வளவுதான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த அளவு ஏன் நிலைத்தது என்று புரியும்.

அந்தப் பயிற்சி தொடங்கியதற்கு முந்தைய ஆண்டுதான் பீட்டில்ஸ் இசைக் குழுவினர் ரிஷிகேஷ் வந்தார்கள். 1968 பிப்ரவரியில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் அவர்கள் சேர்ந்தது தியான ஆசிரியர் பயிற்சியில் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நான்கு பேரில் ஒருவர்கூட அதை முடிக்கவில்லை. ரிங்கோ ஸ்டார் இரண்டு வாரம்கூடத் தங்கவில்லை. ஆனால் யோகா கற்க ரிஷிகேஷ் போக வேண்டும் என்ற எண்ணம் உலகத்தின் மனத்தில் அந்த வருகையோடு பதிந்துவிட்டது.

லண்டனில் வேறொன்று நடந்தது. வயலின் மேதை யெகுதி மெனுஹினின் நட்பால் 1954 முதல் ஐயங்கார் ஐரோப்பா போய் வந்துகொண்டிருந்தார். 1966-ல் அவருடைய 'லைட் ஆன் யோகா' வெளிவந்தது. லண்டன் மாநகரக் கல்வித் துறை நடத்திய மாலை நேர வகுப்புகளில் யோகாவுக்கும் கூட்டம் சேர்ந்தது. யார் யாரை ஆசிரியராக வைப்பது என்று அதிகாரிகள் குழம்பினார்கள். 1970 வாக்கில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: ஐயங்கார் முறையில் பயின்று அவருடைய ஒப்புதல் பெற்றவர்கள் சொல்லித்தரலாம்; ஆனால் ஆசனம், பிராணாயாமம் இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தத்துவம், சமயம் எதுவும் அரசு வகுப்பறைக்குள் வரக் கூடாது.

காகிதத்தின் வாழ்க்கையில் இது பெரிய திருப்பம். குரு தன் சீடனுக்குக் கொடுத்த ஒப்புதல், மூன்றாம் ஆளான ஓர் அரசு அலுவலகம் பார்ப்பதற்கான ஆவணமாக மாறியது அங்கேதான். மாணவருக்காகவும் குருவுக்காகவும் இருந்த தாள், இனி வேலை கொடுப்பவருக்காகவும் இருக்க வேண்டும். உடம்பு ஒரு பக்கம், மற்றதெல்லாம் ஒரு பக்கம் என்று யோகத்தைப் பிரித்து எழுதிய கோடும் அப்போதே விழுந்தது. ஐயங்கார் அந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டார். ஆசனத்தை ஒழுங்காகச் செய்தாலே மற்றதெல்லாம் தானே உள்ளே வரும் என்று நம்பியவர் அவர். அதே நேரம் ஆசிரியர் தகுதியில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஐயங்கார் முறையில் இன்றும் ஆண்டுக்கணக்கில் மாணவராக இருந்த பிறகே ஒருவர் ஆசிரியர் பயிற்சிக்கு வர முடியும்.

அமெரிக்காவில் அப்படி ஒரு மையக் கை இல்லை. 1990-களில் நகரத்துக்கு நகரம் யோகா நிலையங்கள் முளைத்தன. வார இறுதியில் இரண்டு நாள் படித்துவிட்டு வகுப்பு எடுத்தவர்களும் இருந்தார்கள், இருபது ஆண்டு பயின்றவர்களும் இருந்தார்கள். நாமே ஓர் அளவுகோல் வைக்காவிட்டால் அரசு வந்து வைக்கும் என்று மூத்த ஆசிரியர்கள் பயந்தார்கள். அதன் விளைவாக 1999-ல் யோகா அலையன்ஸ் என்ற அமைப்பு உருவானது. பள்ளிகளையும் ஆசிரியர்களையும் பதிவு செய்வது அதன் வேலை. குறைந்தபட்சம் 200 மணி நேரம், அடுத்த நிலைக்கு 500 மணி நேரம் என்று வைத்தார்கள்.

அந்த 200 மணியைப் பிரித்திருந்த விதம்தான் என்னை உறுத்துகிறது. ஆசனம், பிராணாயாமம் முதலிய பயிற்சிகளுக்கு 100 மணி. தத்துவம், ஒழுக்கம், வாழ்க்கைமுறைக்கு 30. கற்பிக்கும் முறைக்கு 25. உடற்கூறியலுக்கு 20. பயிற்சி பெறுபவர் தானே வகுப்பு எடுத்துப் பழகுவதற்கு 10 மணி. மீதி அந்தந்தப் பள்ளியின் விருப்பம். இந்தக் கணக்கைப் பின்னால் மாற்றினார்கள், உடற்கூறியலுக்குக் கூடுதல் நேரம் வந்தது. ஆனால் அடிப்படை அதேதான். ஆசிரியர் ஆவதற்கான படிப்பில், ஆசிரியராக நின்று பார்ப்பதற்குக் கிடைத்த இடம் இருபதில் ஒரு பங்கு.

யோகா அலையன்ஸ் பட்டம் கொடுப்பதில்லை. பதிவேட்டில் பெயர் சேர்க்கிறது, அவ்வளவே. சான்றிதழ் தருவது பள்ளி. அமெரிக்க அரசும் அதற்கு அங்கீகாரம் தரவில்லை. 2009-ல் நியூயார்க் மாநிலக் கல்வித் துறை, யோகா ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளெல்லாம் தொழிற்பயிற்சி உரிமம் பெற வேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது யோகா ஆசிரியர்கள் ஒன்று சேர்ந்து எதிர்த்தார்கள். அதில் அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் இன்னொரு உண்மையும் இருக்கிறது. தினசரி வகுப்புக் கட்டணத்தில் வாடகைகூடத் தேறாத நிலையங்களுக்கு, ஆளுக்கு மூவாயிரம் டாலர் வாக்கில் கட்டணம் வரும் ஆசிரியர் பயிற்சிதான் உயிர்மூச்சு. ஆசிரியர்கள் தேவைப்படுவதால் பயிற்சி நடந்த காலம் போய், நிலையம் பிழைப்பதற்காக ஆசிரியர்களை உருவாக்கும் காலம் வந்தது. ஓர் ஊரில் மாணவர்களைவிட ஆசிரியர்கள் வேகமாகப் பெருகினால் யோகா சமூகம் வளர்ந்துவிட்டதாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிறகுதான் காகிதம் ஊர் திரும்பியது. அமெரிக்கப் பதிவேட்டில் இந்தியப் பள்ளிகளும் சேரலாம் என்றானதும் ரிஷிகேஷின் தபோவனம், லட்சுமண் ஜூலா, ராம் ஜூலா பகுதிகளில் பள்ளிகள் வரிசையாக வந்தன. தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்தும் கட்டணம் அமெரிக்கக் கட்டணத்தில் பாதிக்கும் குறைவு. குறுகிய கால யோகா பயிற்சிக்குச் சுற்றுலா விசாவே போதும். கோபன்ஹேகனிலிருந்தும் சியோலிலிருந்தும் வந்தவர்கள் 25 நாளில் படித்து, கங்கைக் கரையில் படம் எடுத்துக்கொண்டு, சான்றிதழோடு போகிறார்கள். 25 நாளில் 200 மணி என்றால் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம். அதே 200 மணியை வாரம் மூன்று மணி என்று நம் ஊரில் ஒருவர் படித்தால் ஒன்றேகால் ஆண்டுக்கு மேல் ஆகும். இரண்டு பேரின் சான்றிதழிலும் ஒரே எண்தான் இருக்கும். ஆனால் ஒருவரின் உடம்பு கோடை, மழை, காய்ச்சல், மாதவிடாய், வேலைக் களைப்பு எல்லாவற்றோடும் யோகத்தைப் பார்த்திருக்கும். இன்னொருவரின் உடம்பு ஒரே ஒரு மாதத்தை மட்டும் பார்த்திருக்கும்.

2020-ல் கொரோனா ஊரடங்கு வந்ததும் திரையிலேயே பயிற்சி முடிக்கலாம் என்று யோகா அலையன்ஸ் அனுமதித்தது. அது பிறகும் தொடர்ந்தது. கைக்குழந்தையோடு வீட்டில் இருந்த பெண்கள் பலருக்கு அது பெரிய உதவி. அடுத்தவர் முதுகில் கை வைத்துப் பார்க்காமலே ஒருவர் ஆசிரியராகிவிட முடியும் என்ற நிலையையும் அதுவே கொண்டுவந்தது.

அந்தக் காகிதம் உலகம் சுற்றிய ஆண்டுகளில் சென்னையில் வேறு ஒரு மரபு சத்தமில்லாமல் நடந்து வந்தது. 1950-ல் மைசூர் யோகசாலை மூடப்பட்ட பின் கிருஷ்ணமாச்சாரியார் சென்னைக்கு வந்து, 1989-ல் நூறு வயதில் மறையும் வரை இங்கேயே இருந்தார். மைசூரில் கூட்டமாக நிறுத்திப் பையன்களை ஆட்டிவைத்தவர், சென்னையில் ஒருவர் ஒருவராக உட்காரவைத்து, நாடி பார்த்து, மூச்சைக் கவனித்து, ஆளுக்கேற்ற பாடம் கொடுத்தார். ஸ்ரீவத்ச ராமசாமி அவரிடம் 1955-ல் சேர்ந்து முப்பது ஆண்டுக்கு மேல் பயின்றார். மகன் டி.கே.வி. தேசிகாச்சார் பொறியாளர் வேலையை விட்டுவிட்டுத் தந்தையிடம் படித்து, 1976-ல் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தைத் தொடங்கினார். யாருக்கு, எப்போது, எந்த ஆசனம் கூடாது என்று தெரிவதே ஆசிரியரின் அறிவு என்பது அந்த மரபின் சாரம். புதுச்சேரி ஆனந்த ஆசிரமத்தில் சுவாமி கீதானந்தர் ஆசிரியர் பயிற்சிக்கு வைத்த காலம் ஆறு மாதம். இவையெல்லாம் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் யோகா சமூகம் வளர்ந்த கதையைச் சொல்லும்போது ஆங்கிலச் சான்றிதழே இல்லாத ஒரு பெரிய கூட்டத்தையும் சேர்த்தாக வேண்டும். கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-ல் பிறந்த வேதாத்திரி மகரிஷி, 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய மனவளக்கலை மன்றங்கள் இன்று சின்னச் சின்ன ஊர்களில்கூட இருக்கின்றன. கைப்பயிற்சி, கால் பயிற்சி, கண் பயிற்சி, மகராசனம் என்று எளிய முறை உடற்பயிற்சியில் தொடங்கி, காயகல்பம், தவம், அகத்தாய்வு என்று போகும் பாடம். எல்லாம் தமிழில். தொடர்ந்து பயின்று ஆசிரியர் பயிற்சி முடித்தவருக்கு 'அருள்நிதி' என்ற பட்டம். மளிகைக் கடைக்காரர், ஓய்வு பெற்ற தாசில்தார், சத்துணவு அமைப்பாளர் என்று அந்தப் பட்டத்தோடு இருப்பவர்களில் பெரும்பாலோர் அதை வைத்துச் சம்பாதிப்பதில்லை. மன்றத்தில் உட்கார்ந்து, மூத்தவர் நடத்துவதைப் பார்த்து, பிறகு பக்கத்தில் நின்று உதவி செய்து, பிறகு தானே நடத்துகிறார்கள். அந்த மன்றங்களின் தத்துவ விளக்கங்களில் எனக்கு மாறுபாடு உண்டு. ஆனால் ஓர் ஆசிரியர் வளர வேண்டிய முறை இதுதான் என்பதில் இல்லை.

இந்திய அரசும் பின்னாலேயே வந்தது. 2014 டிசம்பரில் ஐ.நா. சபை ஜூன் 21-ஐ யோகா தினமாக அறிவித்தது. 177 நாடுகள் அந்தத் தீர்மானத்தை இணைந்து முன்மொழிந்திருந்தன. உலகமே யோகா செய்யும்போது ஆசிரியருக்கு இந்தியச் சான்று வேண்டாமா என்ற கேள்வி எழுந்தது. ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் 2018-ல் யோகா சான்றளிப்பு வாரியம் வந்தது. பல நிலைகள் வைத்து, எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் நடத்திச் சான்று தருகிறார்கள். எங்கே படித்தாலும் சரி, வந்து தேர்வில் செய்துகாட்டு என்பது நல்ல முறை. மருத்துவப் பக்கம் போக விரும்புகிறவர்களுக்குச் சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

காகிதத்துக்கு அப்பால் என்ன தேவைப்படுகிறது என்பதற்கு நான் பார்த்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். குடியிருப்பு ஒன்றின் மொட்டை மாடி, காலை ஆறு மணி, பத்துப் பன்னிரண்டு பெண்கள், பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள். சொல்லித்தர வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அப்போதுதான் 200 மணி முடித்திருந்தார். திரிகோணாசனம் சொல்லும்போது தானும் முழுதாகச் சாய்ந்து செய்துகாட்டினார். அழகாகச் செய்தார். ஆனால் அவர் தலை பக்கவாட்டில் மேலே பார்த்துக்கொண்டிருந்ததால் எதிரே யார் என்ன செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. பின்வரிசையில் ஓர் அம்மா கால் விரலைத் தொட்டே தீருவது என்று முட்டியை உள்பக்கம் முறுக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். முகம் சிவந்துவிட்டது. அவருக்கு ரத்த அழுத்தம் இருப்பது பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும்.

அந்த வகுப்புக்கு ஒருநாள் அந்தப் பெண்ணின் ஆசிரியை வந்தார். ஆசனம் எதையும் செய்துகாட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு வரிசைக்குள் நடந்தார். "அக்கா, தரையைத் தொட வேண்டாம், முட்டிக்கு மேலேயே கையை வைங்க. மூச்சு ஓடுதா? அப்ப சரி" என்றார் அந்த அம்மாவிடம். இன்னொருவரைச் சுவரோரம் நிறுத்தினார். மூன்றாமவரிடம், "நீங்க கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணியிருக்கீங்கன்னு சொன்னாங்களே, தலை கீழே போற எதுவும் வேண்டாம்" என்றார். வகுப்பு முடிந்ததும் இளம் ஆசிரியையைத் தனியாக உட்காரவைத்து, "நாளைக்கு நீ எதையும் செய்யாதே. சொல்லு, நடந்து பாரு. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் அந்தப் பெண் நடந்துகொண்டே சொல்லித்தந்தார். குரல்கூட மாறியிருந்தது. வகுப்பில் ஆள் குறையவில்லை, கூடியது.

200 மணிப் பாடத்திட்டம் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தது அதிகம்: ஆசனங்களின் பெயர், தசைகளின் பெயர், சூத்திரங்களின் பொருள், ஆட்கள் முன்னால் நிற்கும் தைரியம். கொடுக்காதது, அவர் சொல்லித்தருவதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஓர் ஆள். புனேயில் பதினெட்டு வயது ஐயங்காருக்கும் அந்த ஆள் இல்லை. தினமும் பல மணி நேரம் தன் உடம்பையே வருத்தி அந்தக் குறையை அவர் ஈடுகட்டினார். எல்லோரும் ஐயங்கார் ஆக முடியாது, ஆகவும் தேவையில்லை. மூத்த ஆசிரியர் ஒருவர் ஓராண்டு கூட நின்றால் சாதாரணத் திறமை உள்ளவரும் நல்ல ஆசிரியர் ஆகலாம்.

எனவே ஆசிரியர் பயிற்சியில் சேர நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன். ரிஷிகேஷோ சென்னையோ திரையோ, எங்கே வேண்டுமானாலும் சேருங்கள். அதற்கு முன் குறைந்தது ஓராண்டு ஒரே ஆசிரியரிடம் மாணவராக இருங்கள். பணம் கட்டுவதற்கு முன் அந்தப் பள்ளியில் இதைக் கேளுங்கள்: "நான் வகுப்பு எடுக்கும்போது யார் வந்து பார்ப்பார்கள், எத்தனை முறை பார்ப்பார்கள், சான்றிதழ் வாங்கிய பிறகும் வந்து கேட்கலாமா?" தெளிவான பதில் வந்தால் சேருங்கள். சான்றிதழின் மாதிரியை எடுத்துக் காட்டினால் வேறு இடம் பாருங்கள்.